பெரிய ஆபரேஷன், ஐ.சி.யூ. வாசல்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கோவைக்காரி:
அப்பாவுக்கு 71 வயது. பெருங்குடலில் கட்டி, வலப்பக்கக் குடலை வெட்டி எடுத்தார்கள். முந்தின நாளே அண்ணன் டாக்டரிடம், "பணத்தைப் பார்க்காதீங்க, ஐ.சி.யூ.ல ஒரு பெட் போட்டு வையுங்க" என்று சொல்லிவிட்டார். "தேவைப்பட்டால் பார்க்கலாம்" என்றார் டாக்டர். அது எங்களுக்கு அலட்சியமாகப் பட்டது, சண்டை போடாத குறைதான். கடைசியில் ஒரு ராத்திரி உள்ளே வைத்து, மறுநாள் காலை வார்டுக்கு மாற்றினார்கள். கண்டம் தாண்டிவிட்டது என்று சித்தி மாவிளக்குப் போட நாள் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

ஆபத்து வந்தது ஐந்தாம் நாள் ராத்திரி, அந்த வார்டில். காய்ச்சல் பெரிதாக இல்லை. வயிறு உப்பல், கொஞ்சம் வேகமான மூச்சு. அசதி என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டது நான்தான். அப்போது வந்த நர்ஸ் ஒருவர் அப்பாவின் மார்பையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நின்றார். நிமிடத்துக்கு 28 மூச்சு. போன் போட்டார். டூட்டி டாக்டர் வரவில்லை, மறுபடி போட்டார். குடலை இணைத்த இடத்தில் கசிவு. திரும்பத் தியேட்டர், அப்புறம் ஒன்பது நாள் ஐ.சி.யூ. இப்போது அப்பா மாடியில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

மயக்க மருந்து டாக்டர்:
உங்கள் அண்ணன் கேட்டதைத்தான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். 2012இல் லான்செட் மருத்துவ இதழில் ஐரோப்பிய ஆய்வு ஒன்று வந்தது. 28 நாடுகள், இதயம் சாராத ஆபரேஷன் செய்துகொண்ட 46,539 பேர். இறந்தவர்கள் 4%, அவர்களில் 73% பேர் ஐ.சி.யூ.வுக்குள் போகவே இல்லை. பெட் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. 2017இல் வந்த அலசல் வேறு மாதிரி. 27 நாடுகள், முன்கூட்டியே நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொண்ட 44,814 பேர். ஆபரேஷன் முடிந்ததும் நேராக ஐ.சி.யூ.வில் வைத்ததால் கூடுதலாக உயிர் பிழைத்ததாக அதில் தெரியவில்லை. உடல்நிலை மோசமானவர்களைத்தானே அங்கே அனுப்புகிறோம், அதனால் இந்தக் கணக்கையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் ஒன்று சொல்வேன்: குடல் கசிவு முதல் ராத்திரியே தெரிவது அபூர்வம். பல நாள் கழித்துத்தான் காட்டும். அப்போது ஆள் வார்டில் இருப்பார்.

சேலத்து மருமகன்:
எங்கள் கதை வேறு. மாமியாருக்கு பைபாஸ். அதற்கு ஐ.சி.யூ. கட்டாயம், அதில் பேச்சே இல்லை. மூச்சுக்குழாயை மறுநாள் காலையே எடுத்துவிட்டார்கள், நன்றாகத்தான் பேசினார். இரண்டாம் ராத்திரி, திரைக்குப் பின்னால் கல்யாணம் நடக்கிறது, தனக்கு மட்டும் இலை போடவில்லை என்று ஒரே சத்தம். கழுத்தில் மருந்து ஏற்றப் போட்டிருந்த குழாயைப் பிடித்து இழுத்ததால் கையைத் துணியால் கட்டியிருந்தார்கள். என் மனைவி அழுத அழுகை! மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தோம். வயதானவர்களுக்கு அங்கே வரும் தற்காலிகக் குழப்பம் என்றார்கள். மாமியாரின் கண்ணாடியும் காதுக் கருவியும் மூன்று நாளாக எங்கள் பையில் கிடந்தன. மாட்டிவிட்டு, நாளும் கிழமையும் சொல்லிப் பேச்சுக் கொடுத்த பிறகு மெல்லத் தெளிந்தார். "பாயசம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் இப்போதும் முறைப்பார்.

வார்டு நர்ஸ்:
கோவை அக்கா, அந்த நர்ஸுக்கு ஒரு கும்பிடு. ராத்திரியில் 30 பேருக்கு இரண்டு பேர் பார்க்கிறோம். பி.பி.யை மெஷின் காட்டிவிடும், மூச்சை மட்டும் கண்ணால்தான் எண்ண வேண்டும். எண்ணாமலே 20 என்று எழுதும் பழக்கம் உண்டு, மறைத்து என்ன ஆகப்போகிறது. உடம்பு கெடும்போது பல பேருக்கு முதலில் மாறுவது மூச்சுதான். சிறுநீர் குறையும், ஆள் நிலைகொள்ளாமல் புரளுவார். துணைக்கு இருப்பவர்கள் "நேற்று மாதிரி இல்லை" என்று வந்து சொன்னால் எங்களுக்கு அது பெரிய உதவி. திட்டுவோமோ என்று பயந்து சும்மா இருந்துவிடாதீர்கள்.

கோவைக்காரி:
நர்ஸ் தங்கை எழுதியதைப் படித்ததும் அண்ணனின் போனை வாங்கிப் பார்த்தேன். தினமும் அப்பாவின் சார்ட்டைப் படம் பிடித்து வைத்திருந்தார். அந்த ராத்திரிக்கு முந்தைய மூன்று நாளும், காலை, மதியம், இரவு, மூச்சுக் கட்டத்தில் இருப்பது 20, 20, 20.