வேலூரில் இம்ப்ரோவ் பழக யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் கணக்கர் வேலை, மனசெல்லாம் மேடை. இம்ப்ரோவ் நகைச்சுவையில், அதாவது எழுதிய வசனம் இல்லாமல் பார்வையாளர் தரும் ஒரு சொல்லை வைத்து அங்கேயே காட்சி கட்டுவதில், தீவிரமாக இறங்க ஆசை.

சிக்கல் என்னவென்றால், இதைத் தனியாகப் பழக முடியாது. எதிரில் இருப்பவர் சொன்னதை மறுக்காமல் ஏற்று, அதன்மேல் நாம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்றால் அது வராது. வாரம் ஒரு மாலை சேர்ந்து பழக நான்கைந்து பேர் கிடைத்தால் போதும். சத்துவாச்சாரி, காந்தி நகர் பக்கம் மொட்டை மாடி இருந்தாலும் சரி, வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அப்புறம், கூத்து தெரிந்தவர்களுக்கு: கதை சொல்லிச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்து அந்த நேரத்துக்கு அடிக்கிற பேச்சும் இதே வித்தைதானே? தெருக்கூத்துக்குப் பெயர்போன புரிசை நம் பழைய வட ஆர்க்காட்டு ஊர்தான். வேலையை விடாமல், விடுமுறை நாட்களில் அங்கே போய்க் கற்க வழியுண்டா?

புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர்கள் இருந்தால் வருமானம் பற்றிச் சொல்லுங்கள். நடிப்பு மட்டுமே சோறு போடுகிறதா, பள்ளிப் பயிலரங்கு, கம்பெனிப் பயிற்சி என்று ஓட்டுகிறீர்களா? "சென்னைக்குப் போய்விடு" என்பதை மட்டும் நிறையக் கேட்டுவிட்டேன். இன்பாக்ஸிலும் எழுதலாம்.