மறு: ‘ட்வெல் டைம்’ – உறைவு, தங்கல், கிடப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

துறைமுகத்துக்குள் ஒரு பெட்டகம் (கன்டெய்னர்) இருக்கும் காலத்தை ஆங்கிலத்தில் ‘ட்வெல் டைம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சு கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டது போலத் தெரிகிறது. முடிவதற்கு முன் ஒரு குறுக்கீடு. நேற்று வந்த மடல்:

> ட்வெல் என்றால் உறைதல். உறைவிடம் என்று பழகிய சொல் இருக்கிறது. ‘உறைவு நேரம்’ என்றே வைத்துவிடலாம்.

வேரில் பிழை இல்லை ஐயா. ஆனால் துறைமுகத்தில் ரீஃபர் என்று ஒரு வகைப் பெட்டகம் உண்டு, குளிர்சாதனம் பொருத்தியது. உறைந்த இறால் அதில்தான் கப்பல் ஏறுகிறது. ‘இறால் பெட்டகத்தின் உறைவு நேரம் 3 நாள்’ என்று ஓர் அறிக்கையில் வந்தால், இறால் உறைய 3 நாள் ஆகிறது என்றுதான் காசிமேட்டுக்காரர் படிப்பார். இந்தத் துறையில் ‘உறை’ என்ற வேருக்கு வேறு வேலை இருக்கிறது.

‘தங்கல் நேரம்’ பரவாயில்லை. ஆனால் தங்குவது ஆட்கள் செய்யும் காரியம். பெட்டகத்துக்கு அது ஒட்டவில்லை.

பெட்டகங்களை அடுக்கிவைக்கும் யார்டில் பேசுவதைக் கேட்டால் சொல் அங்கேயே இருக்கிறது. “பெட்டி உள்ளே கிடக்கு” என்பார்கள். “வண்டி லைன்ல நிக்குது” என்பார்கள். பெட்டி நிற்பதாகவோ வண்டி கிடப்பதாகவோ யாரும் சொல்வதில்லை. பழுதாகி ஓரம் கட்டிய வண்டி மட்டும் விலக்கு. ஆகவே என் முன்மொழிவு ‘கிடப்பு நேரம்’. கிடங்கு என்ற சொல்லும் ‘கிட’ என்ற அதே வேர்தான், உறவு புதிதல்ல.

‘கோப்பைக் கிடப்பில் போட்டார்கள் என்பது போல் பழிக்கும் தொனி வருகிறதே, கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டாமா’ என்று மாதவரத்து அம்மா கேட்டிருந்தார். ஓரளவு நியாயம்தான். கட்டணமில்லாமல் விட்டுவைக்கச் சில நாள்கள் உண்டு, அதற்குள் கிடந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்த நாள் தாண்டினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும். எல்லோரும் குறைக்கப் பார்க்கிற ஒன்றின் பெயரில் கொஞ்சம் கசப்பு இருந்தால் குறையொன்றும் இல்லை.

இப்போது உண்மையான தகராறுக்கு வருகிறேன். பெட்டி, லாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘காத்திருப்பு நேரம்’ என்று ஒரே சொல் போதும் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஒப்பவில்லை. காரணம், கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பது.

இறக்குமதிப் பெட்டகத்தின் கிடப்பு, கப்பலிலிருந்து இறக்கிய கணத்தில் தொடங்கி வாயிலைத் தாண்டி வெளியேறும்போது முடிகிறது. ஏற்றுமதிக்கு உள்ளே நுழைந்ததிலிருந்து கப்பலில் ஏற்றும் வரை. லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்ற தேசிய ஏற்பாட்டில் பெட்டகத்தின் மேல் ஆர்எஃப்ஐடி பட்டை (ரேடியோ அலையால் படிக்கும் அடையாளப் பட்டை) மாட்டுகிறார்கள். துறைமுக வாயில், சுங்கச்சாவடி, சி.எஃப்.எஸ். எனப்படும் பெட்டகச் சரக்கு நிலையம் ஆகிய இடங்களில் உள்ள கருவிகள் அதைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்கின்றன. உலக வங்கி 2023-இல் வெளியிட்ட சரக்குப் போக்குவரத்துத் தரவரிசையில் 139 நாடுகளில் இந்தியா 38ஆவது. 2022 மே முதல் அக்டோபர் வரை இந்தியத் துறைமுகங்களில் பெட்டகம் சராசரியாகக் கிடந்தது ஏறத்தாழ 3 நாள் என்றும், ஜெர்மனியில் 10 நாள் என்றும் அதில் வந்தது. பெருமைப்படத்தக்க எண்தான். 2022 செப்டம்பரில் வந்த தேசிய சரக்குப் போக்குவரத்துக் கொள்கையும் இப்படிப்பட்ட எண்களை ஒரே இடத்தில் இணைப்பதையே பெரிதாகப் பேசுகிறது. (செய்தித்தாள்கள் இதைத் ‘தளவாடக் கொள்கை’ என்று எழுதும்போதெல்லாம் பீரங்கிதான் கண்முன் வருகிறது. அது வேறு இழை.)

ஆனால் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவு சாலையில் நிற்கும் ட்ரெய்லர் இந்த 3 நாளுக்குள் எங்கும் இல்லை. லாரிக்கென்று தனியாக ‘டர்ன் அரவுண்ட் டைம்’ கணக்கிடுகிறார்கள், உண்மை. அதுவும் பெரும்பாலும் வாயிலுக்குள் நுழைந்து வெளியே வருவது வரைதான். வாயிலில் கேமரா வண்டி எண்ணையும் பெட்டி எண்ணையும் படித்த பிறகுதான் கணினிக்கு அந்த வண்டி பிறக்கிறது. அதற்கு முன் திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் ஓட்டுநர் துறைமுக நுழைவுக்கான ஃபார்ம் 13-ஐக் கையில் வைத்துக்கொண்டு கழித்த நேரம் தரவே அல்ல. அவருக்குப் பேட்டா ட்ரிப்புக்குத்தான், மணிக்கு இல்லை. வண்டி உரிமையாளர் ‘ஹால்டிங்’ (வண்டியை நிறுத்திவைத்ததற்கான பணம்) கேட்டுச் சண்டை போடுவார்; ஆதாரமாகக் காட்ட அவரிடம் ஜிபிஎஸ் மட்டும் இருக்கும்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. உள்ளே எடுக்கும் நேரத்தை மட்டும் வைத்துத் திறமையை அளந்தால், உள்ளே விடும் வண்டிகளைக் குறைத்தாலே எண் அழகாகிவிடும். வெளியே வரிசை நீளும், அறிக்கையில் முன்னேற்றம் தெரியும். நேரம் ஒதுக்கி வண்டியை வரவழைக்கும் ஏற்பாட்டிலும் இதே ஆபத்து இருக்கிறது. நன்றாக நடந்தால் வரிசை கரையும். இல்லாவிட்டால் மணலி, மாதவரம் பக்கம் இடம் மாறும். வரிசைக்கு ஒழுங்கான கணக்கு இல்லாத காலத்தில் கைக்கு எட்டிய தீர்வு சாலையை அகலப்படுத்துவதுதான். எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் அப்படி வந்தது, ஆண்டுக்கணக்கில் இழுத்தது, கரையோரக் குடும்பங்கள் இடம் பெயர்ந்தார்கள். சாலை தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. வாயிலில் உள்ள அடைப்பு சாலை அகலத்தால் மட்டும் தீராது.

‘ஆங்கில அறிக்கையின் அட்டவணையில் இல்லாத பத்திக்குத் தமிழில் மட்டும் எதற்குச் சொல்’ என்று ஒருவர் கேட்கக்கூடும். இருக்கட்டுமே. அவர்கள் அளந்ததற்கு மட்டும்தான் நாம் பெயர் வைக்க வேண்டும் என்று விதியா? பெயர் இருந்தால்தான் அந்தப் பத்தி காலியாக இருப்பதே கண்ணில் படும். அதனால் மூன்றாகப் பிரிக்கிறேன்:

கிடப்பு நேரம்: பெட்டகத்துக்கு மட்டும். துறைமுகத்துக்குள், மேலே சொன்ன தொடக்கம், முடிவோடு.

வாயிலுள் நேரம்: லாரி உள்ளே நுழைந்து வெளியேறுவது வரை. ‘சுற்று நேரம்’ என்ற பழைய முன்மொழிவு வேண்டாம். கிளம்பிய இடத்துக்கே திரும்பும் வரை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது, அது மொத்த ட்ரிப்.

வரிசை நேரம்: லாரி வரிசையில் சேர்ந்ததிலிருந்து வாயில் வரை. வண்டியில் உள்ள ஜிபிஎஸ்ஸை வைத்து, சாலையில் ஒரு கற்பனைக் கோடு போட்டு இதை அளக்க முடியும். அந்தக் கோட்டுக்குப் ‘புவிவேலி’ என்று ஏற்கெனவே ஒரு சொல் உலவுகிறது. எனக்கு ஒட்டவில்லை, வேலி மறிக்கும், இது யாரையும் மறிப்பதில்லை, கடந்ததைக் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேறு சொல் தோன்றினால் தனி இழையில் எழுதுங்கள்.

சி.எஃப்.எஸ்.ஸுக்குள் பெட்டி கிடப்பதையும் கிடப்பு நேரத்தில் சேர்ப்பதா என்பதில் எனக்கே இரண்டு மனம். ‘துறைமுகக் கிடப்பு’, ‘நிலையக் கிடப்பு’ என்று முன்னடை போட்டுப் பிரிக்கலாம் என்று இப்போதைக்கு நினைக்கிறேன். சி.எஃப்.எஸ். கணக்கு பார்ப்பவர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். மற்ற இரண்டுக்கும் மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து