முதலில் வீடு, அப்புறம் கார்

(கீழக்கரைக் குடும்பத்தாரும் துபாயில் இருக்கும் மகனும் பேசிக்கொள்வது. காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா, உம்மா என்றால் அம்மா.)

துபாய் காக்கா: அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு ஒரு கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

மாமா: வஅலைக்கும் ஸலாம். நல்ல காரியம் மாப்பிள்ளை.

பெரிய லாத்தா: சந்தோஷம் தம்பி. ஆனால் எங்கே நிறுத்துவது? நம் தெருவில் ஒரு ஆட்டோ வந்தாலே சுவரோரம் ஒதுங்கி நிற்கிறோம். ஓட்டுவது யார்? ஆம்பிளைகள் எல்லாரும் சபரில், வெளிநாட்டு வேலையில். லைசென்ஸ் இங்கே ஒருத்தரிடமும் இல்லை.

துபாய் காக்கா: டிரைவர் வைக்கலாமே?

பெரிய லாத்தா: எதற்கு? ராம்நாட்டு ஆஸ்பத்திரி, ரயில், அவ்வளவுதான் நம் வெளிப்பயணம். கீழக்கரையில் பெண்மக்களுக்கு வீடு கொடுக்கிற வழக்கத்தால் உம்மா வீடு, என் வீடு, தங்கச்சி வீடு எல்லாம் அடுத்தடுத்து. பள்ளிக்கூடம், மீன்கடை கூப்பிடு தூரம். இந்தத் தெருவில் கார் குறைவாக இருப்பது காசு இல்லாமல் இல்லை.

மாமா: கேரளாவைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் அங்கே 100 வீட்டில் சுமார் 24 வீட்டில் கார். இந்தியா முழுக்க எடுத்தால் 8 கூட இல்லை. அங்கேயும் வளைகுடாக் காசு நிறைய. ஆனால் வீடுகள் தோப்புக்குள் தள்ளித் தள்ளி இருக்கும், வாசலில் நிறுத்த இடமும் இருக்கும்.

துபாய் காக்கா: இங்கே துபாயிலும் அப்படித்தான். 2009-ல் வந்த மெட்ரோ என் ரூமுக்குப் பக்கம், அதனால் நான் கார் வாங்கவே இல்லை. குடும்பத்தோடு ஷார்ஜாவில் குடியேறிய கூட்டாளி உடனே வாங்கினான். பிள்ளைகள் ஸ்கூல் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்.

சின்ன லாத்தா: அப்போ வீடு கட்டப் பார்த்த ஏர்வாடி ரோட்டு மனை?

பெரிய லாத்தா: அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த லேஅவுட்டில் ரோடு அகலம்தான், ஆனால் ஒரு பெட்டிக்கடை கிடையாது. வெளியே வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை, லாரி பறக்கும், ஓரமாக நடக்கவும் வழியில்லை. பால் வாங்கவே வண்டி எடுக்கணும். ட்யூஷனுக்கு ஒரு ஸ்கூட்டி, உம்மாவுக்குக் கார், ஓட்ட ஆள். வீட்டைத் தள்ளிக் கட்டிவிட்டால் ஆயுசுக்கும் பெட்ரோல் போட்டுக்கொண்டே இருக்கணும் தம்பி. வீட்டை முடிவு பண்ணாமல் காரை முடிவு பண்ணாதே.

மாமா: சிங்கப்பூரில் 1990-லிருந்து கார் வாங்கவே ஏலத்தில் சான்று எடுக்கணும், அதுவும் 10 வருஷத்துக்குத்தான். அங்கே இருந்த எங்களுக்குக் கார் வாங்குகிற நினைப்பே வரவில்லை. அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழேயே கடையும் பஸ்ஸும்.

உம்மா: எனக்குக் கார் வேண்டாம் வாப்பா. டாக்டரிடம் போக ஆட்டோக்காரப் பிள்ளை இருக்கிறான். தங்கச்சி ஸ்கூட்டி ஓட்டப் பழகட்டும், அது போதும்.

துபாய் காக்கா: சரி உம்மா. மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போவதில்லை என்று புரோக்கரிடம் சொல்லிவிடுகிறேன். மாமா, நம் தெருவிலேயே வீடு விலைக்கு வந்தால் பாருங்கள்.

மாமா: பார்க்கிறேன். பின் தெருவில் ஒன்று வருகிற மாதிரி பேச்சு இருக்கிறது.