இ-ஃபைலிங்: பழைய மலையாளப் பத்திரங்களை எப்படி ஏற்றுவது?

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். செங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். இப்போது பிராது, வக்காலத்து எல்லாம் இ-ஃபைலிங்கில், அதாவது கோர்ட்டுக்கு இணையம் வழியாகத்தான் ஏற்றுகிறோம். டைப் அடித்த மனு என்றால் பிரச்சினை இல்லை, பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிடலாம். சிக்கல் பழைய பத்திரங்களில்.

எங்கள் ஊர் முதலில் திருவிதாங்கூரோடும், 1949-க்குப் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அதனால் பல குடும்பங்களின் மூலப்பத்திரம் மலையாளத்தில்தான் இருக்கிறது. தாள் பழுத்துப்போய், மடிப்பில் கை வைத்தாலே பிரிகிறது. பின்பக்கத்து மை முன்பக்கம் ஊறியிருப்பதால் கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் எழுத்தும் கறையும் ஒன்றாகிவிடுகிறது. கலரில் எடுத்தால் ஃபைல் பெரிதாகிவிடுகிறது. தேதியோ கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள வருஷத்தில். 1110 என்றால் 1934-35. மாதமும் நாளும் பார்த்தால்தான் எந்த ஆங்கில வருஷம் என்று தெரியும்.

தேவிகுளம், பீர்மேடு, பாலக்காடு பக்கம் கோர்ட் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்: இந்த மாதிரித் தாளை எந்த செட்டிங்கில் ஸ்கேன் எடுக்கிறீர்கள்? தமிழ் மொழிபெயர்ப்பை அதே பிடிஎஃப்பில் சேர்ப்பீர்களா, தனியாகவா? அப்புறம், பழைய மலையாளக் கையெழுத்தைப் படித்துத் தருபவர் தென்காசி, புனலூர் வட்டாரத்தில் யாராவது உண்டா? நிலத்துக்கு வேறு ஆதாரமே இல்லாத வயதானவர்களின் காகிதம் இது. தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் எழுதுங்கள்.