எல்கேஜி பிள்ளை தலையை மட்டும் ஆட்டுது, வாய் திறக்க மாட்டேங்குது

கேள்வி (மதுரை, மகால் பக்கம்): மகளுக்கு நாலு வயசு. வீட்டுல சௌராஷ்டிரம்தான், வாய் ஓயாது. பள்ளியில சேர்ந்து மூணு மாசமாச்சு, மிஸ் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். வெளியாளைக் கண்டா என் முந்தானையில முகம் புதைச்சுக்குவா. கால் கட்டைவிரல் தரையைக் கீறும். கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கச் சொல்றாங்க. வெறும் கூச்சம்தானா?

பேச்சுப் பயிற்சியாளர், கே.கே. நகர்: முதல்ல ஒண்ணு பாருங்க: தெருப் பிள்ளைகளோட தமிழ்ல பேசுறாளா? பேசலைன்னா, புது மொழியைக் காதுல வாங்கிட்டிருக்கா. சில மாசம் வாய் திறக்காம இருக்கிறது சகஜம். தெருவுல தமிழ் சரளம், பள்ளியில மட்டும் ஒரு மாசத்துக்கு மேலயும் மௌனம்னா (சேர்ந்த முதல் மாசத்தைக் கணக்குல எடுக்கக் கூடாது) செலக்டிவ் மியூட்டிசமான்னு (மத்த இடத்துல பேசுற பிள்ளைக்கு, பதற்றத்தால சில இடத்துல மட்டும் பேச்சு வராமப் போறது) பார்க்கணும். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்டலாம். காது கேட்கும் சோதனை எப்படியும் எடுத்துடுங்க. முந்தானைக்குள்ள இருந்து ஓரக்கண்ணால பார்த்துச் சிரிக்கிறாளா, பிடிச்சதை விரல் நீட்டிக் காட்டிட்டு உங்க முகத்தைப் பார்க்கிறாளா? ரெண்டும் நல்ல அறிகுறி.

மழலையர் ஆசிரியை, திருமங்கலம்: மிஸ்கிட்ட சொல்லுங்க, எதிர்ல நிக்காம பக்கத்துல உட்காரணும். "சாப்பிட்டியா"ன்னா தலையாட்டல்தான் வரும். "இட்லியா தோசையா"ன்னு கேட்கணும். டப்பா திறந்து கண்ணுக்கு எதிர்ல இருந்தா விரலைக் காட்டித் தப்பிச்சுக்கும், அதனால மூடி வச்சுட்டுக் கேளுங்க. கேட்டதும் மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும். பெரும்பாலான டீச்சர்கள் ரெண்டுலயே அடுத்த கேள்விக்குப் போயிடுறோம். படிப்படியாப் போகணும்: முதல்ல தலையாட்டலை பதிலா ஏத்துக்கிட்டு, அப்புறம் வாய் மூடியே சொல்ற "ம்", "ம்ஹும்", அதுக்கப்புறம் காதுல கிசுகிசு, பிறகு ஒரு சொல். முதல் சொல் வந்த அன்னைக்கு "பேசிட்டா, எல்லாரும் கை தட்டுங்க"ன்னு ஆரம்பிச்சா மறுநாளே வாய் மூடிக்கும். அத்தை, பாட்டி முந்திக்கிட்டு பதில் சொல்றதும் அப்படித்தான், பேச வேண்டிய தேவையே போயிடுது.

குழந்தை உளவியல் படிப்பவர்: கண்ணைப் பார்க்கச் சொல்றதுல எனக்கு உடன்பாடில்லை. பெரியவங்க முன்னால கண்ணைத் தாழ்த்துறதை நாமதானே மரியாதைன்னு பழக்குறோம்? சூழல் மாறினா மதிப்பும் மாறும். 1990-ல ஷாங்காய் பள்ளிகள்ல பார்த்தப்போ கூச்சப் பிள்ளைகளுக்கு நல்ல பேரு. கனடாவுல அந்தக் காலகட்டத்துல ஒதுக்கல். 2002-ல சீனாவுலயே அதே குணத்துக்கு ஒதுக்கல் வந்துடுச்சு, உளவியல் ஆய்வாளர் ஷின்யின் சென் குழுவோட ஆய்வு. குணம் அதேதான், ஊர் அதைப் பார்க்கிற விதம்தான் வேற.

கேட்டவர்: விசேஷ வீட்டுல "மாமாவுக்கு வணக்கம் சொல்லு"ன்னு விடாம நச்சரிக்கிறாங்களே?

ஆசிரியை: கை கூப்பினா போதும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. வாயால சொல்லியே ஆகணும்னு நிக்க விடாதீங்க.