சேலத்தில் வண்டி இல்லாமல் மாசம் எவ்வளவு ஒதுக்கலாம்?

வணக்கம்ங்க. அடுத்த மாசம் சேலத்துக்குக் குடி வர்றோம். காரும் வேண்டாம், பைக்கும் வேண்டாம்னு முடிவு. எனக்கு வேலை அஸ்தம்பட்டியில. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல 2021லேருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லைங்கிறதால என் செலவு பெருசா இல்லை.

வீட்டுக்காரருக்குத்தான் இழுக்குது. தினமும் ஈரோடு போய் வரணும். ரயில்ல மாத சீசன் எடுத்தா பஸ்ஸை விட நல்ல மிச்சம். ஆனா ரிசர்வேஷன் பெட்டியில ஏற முடியாது, சூப்பர்ஃபாஸ்ட்டுக்குத் தனியாக் கட்டணும். தினம் போறவங்க காலையில எந்த வண்டி பிடிக்கிறீங்க?

பயமெல்லாம் ஆட்டோதான். ராத்திரி ஜங்ஷன்ல இறங்கி வீடு சேர்றதுக்குள்ள சீசன்ல மிச்சம் பிடிச்சது கரைஞ்சிடும் போல. ஒன்பது மணிக்கு மேல அங்கிருந்து டவுன் பஸ், ஷேர் ஆட்டோ கிடைக்குமா? இல்லைன்னா வீட்டையே ஜங்ஷன் பக்கத்துல, சூரமங்கலத்துல பார்த்துடலாமா? வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

இன்னொண்ணு. மாமியார் அப்பப்போ ஏற்காட்டுல இருக்கிற மக வீட்டுக்குப் போவாங்க. 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸுன்னா வாந்திதான். வாடகைக் கார் போய்வர என்ன கேட்பாங்க? கோடை விழா சமயத்துல ரேட்டு ஏறுமா? (வேண்டாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லைங்க.)