கைப்பட்டையால் வரும் தோல் அரிப்பு: பொறுப்பு அணிபவருக்கா, செய்தவருக்கா?

நெய்தலான்:

நடையையும் இதயத் துடிப்பையும் கணக்கிடும் கைப்பட்டை ஒன்றை வாங்கி அணிந்ததில், அதன் அடிப்பாகம் பதியும் இடம் மட்டும் சிவந்து தடித்து, ஓரங்களில் சிறு நீர்க்கொப்புளங்களும் தோன்றியுள்ளன. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். பட்டையைத் தூய்மையாகவும் ஈரமில்லாமலும் வைத்துக்கொள்ளுங்கள், தளர்த்திக் கட்டுங்கள், அவ்வப்போது கழற்றித் தோலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று பதில் வந்தது. பழியை முழுவதும் அணிந்தவன் தலையில் கட்டுகிற இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

2013 அக்டோபரில் ஃபிட்பிட் நிறுவனம் ஃபோர்ஸ் என்ற கைப்பட்டையை வெளியிட்டது. சில மாதங்களுக்குள்ளாகவே அரிப்பும் கொப்புளமும் கண்டவர்களின் புகார்கள் குவிந்தன. 2014 பிப்ரவரியில் விற்பனையை நிறுத்திய நிறுவனம், மார்ச் மாதம் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழியாக அதை முறைப்படி திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் பட்டைகளும் கனடாவில் சுமார் 28,000 பட்டைகளும் அதில் அடங்கும். தோல் எரிச்சல் புகார்கள் ஏறத்தாழ 9,900, கொப்புளம் கண்டதாகச் சொன்னவை ஏறத்தாழ 250. ஒவ்வாமையால் வரும் தோலழற்சிதான் காரணம் என்றும், எஃகில் உள்ள நிக்கலோ, பட்டையின் பொருளோ, பாகங்களை ஒட்டும் பசையோ அதைத் தூண்டியிருக்கலாம் என்றும் நிறுவனமே அன்று கூறியது. ஆனால் 2015இல், அதே நிறுவனத்தின் சார்ஜ் எச்.ஆர். பட்டையின்மீது இதே புகார் எழுந்தபோது, வியர்வை, சோப்பு, இறுக்கம் என்று பேச்சு அணிபவரின் பழக்கத்துக்கு மாறிவிட்டது. எனக்கு வந்த பதிலும் இந்த இரண்டாம் வகைதான். என்ன பசை, என்ன உலோகக் கலவை என்பதை விற்பவர் வெளியிட வேண்டும் என்பதே என் வாதம்.

அதிகாலை ஓட்டம்:

நீங்கள் தந்த எண்களையே எடுத்துக்கொள்வோம் நண்பரே. 10 லட்சத்துக்கு மேற்பட்ட பட்டைகளுக்கு 9,900 புகார்கள் என்றால், நூற்றில் ஒருவர்கூட இல்லை. பொருளே நஞ்சு என்றால் மற்றவர்கள் எப்படித் தப்பினார்கள்?

நான் காலையில் ஓடுகிற ஒரு குழுவுக்குப் பயிற்சி தருகிறவன். அரிப்பு என்று வருகிறவர்களிடம் பட்டையைக் கழற்றித் தரச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். உணரியைச் சுற்றியுள்ள மெல்லிய பள்ளத்தில் சோப்பும் வியர்வை உப்பும் இறந்த தோலும் சேர்ந்து வெண்மையாகப் பாலேடு போல் படிந்திருக்கும்; நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும். பட்டையின் துளைகளுக்குள்ளும் அதுவே இருக்கும். குளிக்கும்போதும் கழற்றாமல், துடைக்காமல், அதன்மீதே முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டு அலுவலகம் போய், இரவில் தூக்கத்தைக் கணக்கெடுக்க வேண்டும் என்று அப்படியே படுத்துவிடுகிறார்கள். சென்னையின் மே மாத வியர்வையில், காற்றுப் புகாத சிலிக்கோன் பட்டைக்கு அடியில் அவ்வளவு நேரம் மூடிக் கிடந்தால் எந்தத் தோலும் ஊறித்தான் போகும். அதற்கு நிக்கலும் வேண்டாம், பசையும் வேண்டாம். கழற்றிக் கழுவி, மறு கையில் கட்டச் சொன்னாலே பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடுவதைப் பார்க்கிறேன்.

நெய்தலான்:

நூற்றில் ஒருவர் என்பது புகார் எழுதியவர்களின் கணக்கு. அரித்தவுடன் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்தவர்கள் அதில் இல்லை. அந்தப் பட்டையைப் பயன்படுத்தியவர்களில் 1.7 விழுக்காட்டினர் தோல் எரிச்சல் தெரிவித்ததாக நிறுவனமே 2014இல் கூறியது.

இரண்டாவது, ஒவ்வாமை என்பதே எல்லாருக்கும் வருவது அன்று. நூற்றில் இருவருக்குத்தான் வருகிறது என்பதால் அந்த இருவரும் அழுக்கானவர்கள் என்று ஆகிவிடாது. எனக்கு வந்த தடிப்பு, பட்டையைக் கழற்றிய பிறகும் இரண்டு விரற்கடை மேலேறிப் பரவியது. ஊறிப்போன தோல் அப்படிப் பரவுமா?

மருந்துச்சீட்டு:

நான் மருந்துக்கடையில் பணிபுரியும் மருந்தாளுநர். இருவரும் இரண்டு வேறு நோய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

ஓட்டம் ஐயா சொல்வது எரிச்சல்வகைத் தோலழற்சி. ஈரம், உராய்வு, சோப்பு ஆகியவை தோலின் மேல்தடுப்பைக் குலைப்பதால் யாருக்கும் வரக்கூடியது. பட்டை பட்ட இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். அரிப்பைவிட எரிச்சல் மிகுதியாக இருக்கும். நெய்தலான் சொல்வது ஒவ்வாமைவகை. ஒரு பொருளை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அடையாளம் கண்டு வைத்துக்கொள்ள நாட்களோ வாரங்களோ, சிலருக்கு அதைவிட நீண்ட காலமோ ஆகும். கண்டுகொண்ட பிறகு, அடுத்த முறை பட்ட ஒன்றிரண்டு நாட்களுக்குள் கடும் அரிப்பும் நீர்க்கொப்புளமும் கிளம்பும். பட்ட எல்லையைத் தாண்டியும் பரவும். ஆகவே, "ஆறு மாதமாக இதே பட்டையைத்தானே கட்டியிருந்தேன், அதனால் எப்படி வரும்?" என்ற கேள்வி ஒவ்வாமையை விலக்கிவிடாது. இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு: ஊறிப் புண்ணான தோலின் வழியே நிக்கல் உள்ளே போவது எளிது.

எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது மூன்றாவது ஒன்று. மணிக்கட்டில் வட்டமாக அரிக்கிறது என்று வருகிறவர்களில் சிலருக்கு இருப்பது படர்தாமரை. அவர்கள் கேட்பதோ, யாரோ சொன்ன ஸ்டீராய்டு கலந்த களிம்பு. தடவியவுடன் சிவப்பு மறையும். பூஞ்சை அடியில் பரவும். சில வாரம் கழித்து, மருத்துவரே அடையாளம் காண முடியாத உருவத்தில் திரும்பி வரும். 2018இலேயே இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று நடுவண் அரசு விதியை இறுக்கியது. ஆனால் கேட்டால் கொடுக்கும் கடைகள் இன்றும் உள்ளன என்பதை என் தொழிலில் இருந்துகொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளிமீன்:

அடியில் மின்னும் பச்சை ஒளி தோலைச் சுடுகிறது என்று என் மாமா உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா?

மருந்துச்சீட்டு:

இல்லை தம்பி. அந்த ஒளி தோலுக்குள் சென்று இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத் திரும்புவது; தோலைச் சுடும் வலிமை அதற்கு இல்லை. மின்கலம் சூடேறித் தீக்காயம் உண்டாவது வேறு கதை. ஃபிட்பிட் அயோனிக் கைக்கடிகாரத்தை 2022 மார்ச்சில் திரும்பப் பெற்றது அந்தக் காரணத்தால்தான். தொட முடியாத அளவு சூடாக இருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

கும்பகோணத்தாள்:

ஓட்டம் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. கவரிங் தோடு போட்டுக் காது புண்ணாகாத பெண்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? காது குத்திய வயதிலேயே நிக்கல் எங்கள் உடம்புக்கு அறிமுகமாகிவிடுகிறது. எனக்குத் தோடு, பிறகு ஜீன்ஸ் பொத்தான் பட்ட தொப்புளடி, இப்போது இந்தக் கைப்பட்டையின் கொக்கி பட்ட இடம் என்று ஒரே மாதிரியான தடிப்புதான் வந்தது. நான் தினமும் பட்டையைக் கழுவித் துடைத்து வெயில்படாமல் உலர்த்துகிறவள். என் தங்கைக்குத் தோட்டால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் நகத்துக்கு ஜெல் பூச்சு போட்டு விரல் நுனியெல்லாம் வெடித்த பிறகு, கைப்பட்டையும் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மருந்துச்சீட்டு:

தங்கையைத் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் அம்மா. ஜெல் நகப்பூச்சில் இருக்கும் மெத்தாக்ரிலேட் குடும்பத்துப் பொருட்களே மின்னணுக் கருவிகளின் ஒட்டுப்பசையிலும் இருக்கக்கூடும். முழுமையாக இறுகாமல் எஞ்சும் சிறிதளவு பசை தோலுக்கு வந்து சேர்ந்தால் போதும். ஆப்பிள் நிறுவனம்கூடத் தன் கைக்கடிகாரத்தின் சில பாகங்களில் சிறிதளவு நிக்கலும் பசைகளில் மெத்தாக்ரிலேட்டும் உள்ளதை வெளிப்படையாகவே குறிப்பிட்டிருக்கிறது. நீரிழிவு நோயாளர் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை உணரிகளால் தோல் வெந்தவர்களுக்கு ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற பொருள் காரணம் என்று கண்டறியப்பட்டது. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2020ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதைத்தான் அறிவித்தது.

அதிகாலை ஓட்டம்:

சகோதரிக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நல்ல கைப்பட்டைகளில் வருவது 316எல் வகை எஃகு. அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் இருந்தாலும், மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம் அதை வெளியே விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலரும் அந்த எஃகைத் தாங்குகிறார்கள். மலிவு விலைக் கொக்கியைப் பார்த்துவிட்டு எல்லாத் தயாரிப்புகளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையன்று. கலவைப் பட்டியலை வெளியிட்டால்தான் என்ன பயன்? வாங்குகிறவர் யாரும் அதைப் படித்து வாங்கப் போவதில்லை.

நெய்தலான்:

எஃகைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. எது கொக்கி, எது உறை, எது மின்னேற்ற முனை என்று பிரித்துப் பார்க்காமல் சொன்னதுதான் சரியில்லை. மின்னேற்றும் முனைகளில் பளபளக்கும் பொன்முலாமுக்கு அடியில் வழக்கமாக ஒரு நிக்கல் பூச்சு இருக்கும். முலாம் தேய்ந்து, வியர்வையின் உப்பு அதன்மேல் நாள்தோறும் நின்றால், அந்த நிக்கல் கரைந்து தோலுக்கு வரும். என்னுடைய பட்டையில் அந்த முனைகள் கறுத்திருக்கின்றன. என் கையில் முதலில் தடித்ததும் அவை பதியும் இடம்தான்.

பட்டியலால் என்ன பயன் என்றீர்கள். டென்மார்க்கில் தோலோடு ஒட்டியிருக்கும் பொருட்களிலிருந்து நிக்கல் கசியும் அளவுக்கு 1990ஆம் ஆண்டு வாக்கில் சட்டத்தால் வரம்பு கட்டினார்கள். அதற்குப் பிறகு காது குத்திக்கொண்ட இளம்பெண்களிடையே நிக்கல் ஒவ்வாமை தெளிவாகக் குறைந்தது. அதே வழியைப் பின்பற்றி, ஐரோப்பிய ஒன்றியம் இன்று வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. கைக்கடிகார உறையும் பட்டையும் அந்த விதியில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. வாங்குகிறவர் படித்தாரா என்பது அங்கே கேள்வியாகவே இருக்கவில்லை. விற்பவரைக் கட்டுப்படுத்தினார்கள், நோய் குறைந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். இதயத் துடிப்பு சரியாகப் பதிய வேண்டுமானால் உணரி தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், வெளியொளி புகக் கூடாது என்று கையேட்டின் ஒரு பக்கம் சொல்கிறது. தூக்கத்தைக் கணக்கெடுக்க இரவும் அணிய வேண்டும் என்று விளம்பரம் சொல்கிறது. தடித்த பிறகு எழுதிக் கேட்டால், தளர்த்திக் கட்டு, கழற்றி வை என்கிறார்கள். கழற்றாமல் இருப்பதற்காகவே விற்கப்பட்ட பொருளை, கழற்றாததுதான் உன் தவறு என்று சொல்லித் தற்காத்துக்கொள்வது என்ன நியாயம்?

அதிகாலை ஓட்டம்:

விளம்பரம் ஆயிரம் சொல்லும், கை நம்முடையது. ஓடும்போது மட்டும் இறுக்கி, ஓடி முடித்தவுடன் தளர்த்துவதற்குத்தான் அத்தனை துளைகள் இருக்கின்றன. துடிப்பு துல்லியமாக வேண்டுமென்றால் மார்புப் பட்டை இருக்கிறது. பயிற்சி நேரம் முடிந்ததும் அது கழன்றுவிடும். ஐரோப்பிய வரம்பு இங்கும் வரட்டும், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சட்டம் வரும்வரை என் குழுவில் உள்ளவர்களிடம் நான் நிக்கலைப் பற்றிப் பேசப் போவதில்லை, கழுவச் சொல்லத்தான் போகிறேன். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது அதுதான்.

கும்பகோணத்தாள்:

அந்தப் பெரும்பாலானவர்களில் நான் இல்லை அண்ணா. எனக்கும் கழுவத்தான் சொல்வீர்களா?

அதிகாலை ஓட்டம்:

உங்களுக்குத் துணிப்பட்டையும் பிளாஸ்டிக் கொக்கியும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். பிறகும் நிற்கவில்லை என்றால் கைப்பட்டையே வேண்டாம் என்பேன்.

மருந்துச்சீட்டு:

நெய்தலான், உங்களுக்குப் பரவியிருப்பதையும் கொப்புளத்தையும் வைத்துப் பார்த்தால் ஊகித்துக்கொண்டிராமல் ஒட்டுச் சோதனை செய்துகொள்வது நல்லது. முதுகில் ஒவ்வாமைப் பொருட்களைச் சிறு சிறு துளிகளாக வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள்; ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். இரண்டாம் முறை பார்ப்பதைத் தவறவிட்டுவிடாதீர்கள்; தாமதமாகத் தெரியும் ஒவ்வாமைகள் அப்போதுதான் வெளிப்படும். அதற்கு முன்பு முதுகில் ஸ்டீராய்டு களிம்பு எதையும் தடவ வேண்டாம், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கைப்பட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், எந்த முனை எங்கே பதிகிறது என்று அவர் நேரில் பார்க்கட்டும்.

நெய்தலான்:

சோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நிக்கல் என்று வந்தால் முனையைப் பற்றியும், அக்ரிலேட் என்று வந்தால் பசையைப் பற்றியும் நிறுவனத்துக்கு மறுபடி எழுதுவேன். இம்முறையும் கழுவச் சொல்லியே பதில் வந்தால், சோதனை முடிவோடு நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.